கொழும்பு தேசிய நூதனசாலையை ஆற அமரப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் "மியூசியம் பார்த்தாச்சா?" என்று கேட்டால், "ஓம், ஒரு மணித்தியாலத்தில சுத்திப்போட்டு வந்திட்டம்" என்பார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சிம்மாசனத்தைத் தாண்டி எதுவும் நினைவில் இருக்காது. குற்றம் அவர்களுடையதல்ல. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பொருட்களுக்கு நடுவே முன்தயாரிப்பு இல்லாமல் நுழைந்தால், பத்தாவது புத்தர் சிலைக்கு மேல் யாருக்கும் கண் பூத்துவிடும்.

அங்குள்ள காட்சிக்கூடங்களை எண்ணித் திட்டம் போடாதீர்கள், பொருட்களை வைத்துப் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஆறேழு பொருட்களை வீட்டிலேயே தேர்ந்துகொண்டு, அவற்றுக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். மற்றவை போகிற வழியில் தாமாகவே கண்ணில் படும். கீழே வருவது அந்தக் கணக்கில் எழுதிய வழிகாட்டி. தமிழ் வாசகருக்கு எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதில் இடம் அதிகம்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

நூதனசாலை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணியோடு மூடும். பொது விடுமுறை நாட்களில் திறக்காது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. ஆகவே விமானச் சீட்டு எடுக்கும்போதே நாட்காட்டியில் பௌர்ணமி எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெசாக், பொசன் என்ற பௌத்தத் திருநாட்களின் காலத்தில் விடுமுறை ஒரு நாளோடு முடியாமலும் போகலாம்.

பழைய பயண நூல்களில் "வெள்ளிக்கிழமை மூடப்படும்" என்று இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவர் வாப்புச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரர். திறப்பு விழாவில் ஆளுநர் "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க, பட்டமோ பணமோ கேட்காமல், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நாளில் மூடிவையுங்கள் என்றாராம். கதை எவ்வளவு மெய்யோ, நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருந்தது மெய். இப்போது வெள்ளியிலும் திறந்திருக்கிறது.

வார நாளில் காலை 9 மணிக்கே போய்விடுவது உத்தமம். பத்தரை, பதினொன்று ஆகும்போது பாடசாலைப் பிள்ளைகளின் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். வெள்ளைச் சீருடையில் நூறு பிள்ளைகள் சிம்மாசனத்தைச் சுற்றி நின்றால், நீங்கள் பார்ப்பது அவர்கள் தலைகளைத்தான். வெயில் ஏறுவதற்குள் கீழ்த்தளத்தை முடித்துவிடலாம் என்பது இன்னொரு வசதி.

படி 2: வீட்டில் அரை மணி நேரம்

காட்சிப் பொருட்களுக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் குறிப்பு உண்டு. ஆனால் எல்லாம் சுருக்கம். "வெண்கலம், 12ஆம் நூற்றாண்டு, பொலன்னறுவை" என்ற அளவில் நின்றுவிடும். பின்னணி தெரியாதவருக்கு அது ஒன்றும் சொல்லாது. ஒரு துண்டுத் தாளில் இவற்றை எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்:

993 அளவில் இராசராசன் காலத்துச் சோழப் படையெடுப்பு. அநுராதபுரம் வீழ்ந்து பொலன்னறுவை தலைநகராகிறது. 1017இல் ஐந்தாம் மகிந்தன் இராசேந்திரனிடம் சிறைப்படுகிறான். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றுகிறான். 1215இல் கலிங்க மாகனின் படையெடுப்பு. அதன்பின் சிங்களத் தலைநகரங்கள் தம்பதெனியா, யாப்பகூவா, குருணாகல், கம்பளை, கோட்டை என்று தென்மேற்கு நோக்கி நகர, வடக்கில் ஆரியச் சக்கரவர்த்திகளின் யாழ்ப்பாண அரசு. 1505இல் போர்த்துக்கேயர், 1619இல் யாழ்ப்பாண அரசின் முடிவு, 1658இல் ஒல்லாந்தர் கையில் யாழ்ப்பாணம், 1796இல் ஆங்கிலேயர். 1739இலிருந்து கண்டியில் மதுரையோடு உறவுள்ள நாயக்க வம்சம். 1815இல் கண்டியும் போயிற்று.

கீழ்த்தளம் ஏறத்தாழ இந்த வரிசையில்தான் அமைந்திருக்கிறது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் எந்த அறையில் நிற்கிறீர்கள் என்ற குழப்பம் வராது.

படி 3: போய்ச் சேருதல்

இடம் கொழும்பு 7, கறுவாத்தோட்டம், சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தை. விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கம் என்றால் ஓட்டோக்காரர் யாருக்கும் தெரியும். புறக்கோட்டையிலிருந்து மஹரகம பக்கம் போகும் 138ஆம் இலக்க பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. "பொது நூலகத்தடியில் இறக்கிவிடுங்கோ" என்று நடத்துனரிடம் சொல்லிவைத்தால் போதும், பிறகு சிறு நடை. கரையோர ரயிலில் வருபவர்கள் கொள்ளுப்பிட்டியில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். ஓட்டோவில் மீற்றர் போடச் சொல்லுங்கள், அல்லது பிக்மீ செயலியில் அழையுங்கள். வெளிநாட்டு முகம் கண்டால் வாய்க்கு வந்த விலை சொல்கிறவர்களும் உண்டு.

படி 4: நுழைவுச் சீட்டும் கமராவும்

உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. தமிழ் பேசுவதால் உள்நாட்டு விலை கிடைத்துவிடாது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் யாழ்ப்பாணத்தாருக்கு இது மனத்தாங்கல்தான். கையில் தேசிய அடையாள அட்டையோ இரட்டைக் குடியுரிமைச் சான்றோ இருந்தால் கொண்டுபோங்கள். விலை அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை. ரூபாய்த் தாள் வைத்திருப்பது நல்லது.

படம் எடுப்பது பற்றிய விதியைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் ஃபிளாஷ் போடவே கூடாது. பழைய துணிக்கும் ஓவியத்துக்கும் அந்த வெளிச்சம் கேடு, போதாதற்குக் கண்ணாடியில் பட்டு உங்கள் படமும் கெடும். முக்காலி வைத்துக் காணொளி எடுக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும்.

படி 5: உள்ளே போகுமுன் வெளியே நில்லுங்கள்

வெள்ளை வெளேரென்று இத்தாலிய பாணியில் நிற்கும் கட்டடம். முன்னால் நிற்கும் சிலை ஆளுநர் வில்லியம் ஹென்றி கிரெகரியுடையது. அவர் முயற்சியால் கட்டப்பட்டு 1877 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. வரைபடம் அரச கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதருடையது. முற்றத்து ஆலமரங்களைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். விழுதுகள் இறங்கி ஒவ்வொன்றும் ஒரு மண்டபம் போல் இருக்கும். வயதானவர்கள் இளைப்பாற நல்ல இடம்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ப்படுவது தொலுவில புத்தர். அநுராதபுரத்துத் தொலுவிலவில் கிடைத்த தியான நிலைக் கற்சிலை. முகத்தில் துளி அலங்காரம் கிடையாது. மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகளின் தளர்வைப் பாருங்கள், கல் என்பதே மறந்துபோகும். இதற்கு ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ, அன்றைக்கு அம்புக்குறி காட்டும் வழியில் தொடங்குங்கள்.

படி 6: கீழ்த்தளம், முன்வரலாறு முதல் பொலன்னறுவை வரை

பலாங்கொடை மனிதன், கற்கருவிகள் உள்ள முன்வரலாற்று அறையைப் பெரும்பாலோர் எட்டு வைத்துக் கடந்துவிடுகிறார்கள். விருப்பமில்லாவிட்டால் நீங்களும் கடக்கலாம், பாவமில்லை. அநுராதபுரக் கூடத்தில் வெரகல அவலோகிதேசுவரர் என்ற வெண்கல போதிசத்துவரைத் தேடுங்கள். சடைமுடியும் ஒரு காலை மடித்து அமர்ந்த ஒயிலும் சேர்ந்து, முதற் பார்வையில் சைவ மூர்த்தியோ என்று தோன்றும்.

பொலன்னறுவைக் கூடத்துக்கு வரும்போது நேரத்தைப் பிடித்து நிறுத்துங்கள். 1907, 1908இல் தொல்லியல் ஆணையாளர் எச்.சி.பி. பெல் பொலன்னறுவைச் சிவாலயங்களைத் தோண்டியபோது வெண்கலச் சிலைகள் கூட்டமாக வெளிப்பட்டன. நடராசர், உமை, நாயன்மார் என்று ஒரு சோழர் காலத்துக் கோயிலின் திருவிழாவே மண்ணுக்குள் இருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவற்றைப் பற்றி எழுதினார். ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட ஆய்வு இவற்றை உலகக் கலை வரலாற்றுக்குள் கொண்டுசென்றது. தஞ்சையில் வார்த்துக் கொண்டுவந்தவையா, இங்கேயே வார்த்தவையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

முதலில் சுந்தரரிடம் போங்கள். மணக்கோலத்தில் நிற்கும் இளைஞர், கண்ணில் திகைப்பு. சிவன் கிழவேதியராய் வந்து கலியாணத்தை நிறுத்தி, "நீ எனக்கு ஆள்" என்று ஓலை காட்டிய கதை தெரிந்தவருக்கு அந்த முகம் என்ன சொல்கிறதென்று விளங்கும். குறிப்பட்டையில் அந்தக் கதை இல்லை. பிள்ளைகளோடு போனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிறகு காரைக்கால் அம்மையாரைத் தேடுங்கள். நரம்பும் எலும்புமாக, கையில் தாளத்தோடு அமர்ந்திருப்பார். அழகுக்குப் பேர்போன சிலைகளின் நடுவில் அந்த மெலிந்த உருவத்தின் முகத்தில் மட்டும்தான் சிரிப்பு இருப்பதாக எனக்குப் படும்.

சிலையின் பீடத்தைக் குனிந்து பாருங்கள். தண்டு செருகுவதற்கான துளைகளும் கயிறு கட்டும் வளையங்களும் தெரியும். இவை கருவறையில் நிலையாய் இருந்தவையல்ல, தோளில் ஏறி வீதிவலம் வந்தவை. இன்றும் தேர்த் திருவிழாவில் எழுந்தருளியைக் கட்டுகிற விதம் இதுதான். அறைக்குக் குறுக்கே நின்று பார்க்கிறவருக்கு இந்த விஷயம் அகப்படாது.

படி 7: மூன்று மொழிக் கல்

ஒரே ஒரு பொருளைப் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன், சிம்மாசனத்துக்கு அல்ல.

காலியில் 1911இல் ஒரு பொறியியலாளர் மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்த பலகையைக் கண்டெடுத்தார். நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம். மேல்விளிம்பு வளைந்து, அதில் எதிரெதிராக இரண்டு சீன நாகங்கள். கீழே மூன்று மொழிகள்: வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். மிங் பேரரசர் யோங்லோவின் ஏழாம் ஆண்டு, அதாவது 1409 பெப்ரவரித் தேதியிட்டு, சீனாவிலேயே வெட்டி, கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பலில் வந்த கல்.

சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயரால். தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு. தெனவரை என்பது இலங்கையின் தென்முனையிலுள்ள இன்றைய தெவிநுவர. அங்கே பெரிய விஷ்ணு கோயில் இருந்தது. 1588இல் போர்த்துக்கேயர் அதை இடித்துத் தள்ளினார்கள். கடல் வணிகருக்கு மூன்று சமயம், மூன்று மொழி என்று கணக்குப் பார்த்துச் சீனப் பேரரசர் ஒரே கல்லில் முடித்திருக்கிறார். ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டுத் துணிகள், எண்ணெய், விளக்குகள், சந்தனம் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது.

பார்க்கும் முறை: கல்லின் இடப்பக்கம் நின்று சற்றுப் பக்கவாட்டாகப் பாருங்கள். நேரே நின்றால் எழுத்து கல்லோடு கல்லாய்க் கரைந்துவிடும். பாரசீகம் மிகவும் தேய்ந்துவிட்டது. தமிழ் ஓரளவு தெரியும். 15ஆம் நூற்றாண்டுத் தமிழெழுத்து இன்றைய எழுத்திலிருந்து அவ்வளவு தொலைவில் இல்லை. புள்ளி இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு க, ப, ட, ம போன்ற எழுத்துகளை முதலில் பிடியுங்கள். பின்னர் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். சீனச் சிற்பி, தனக்குத் தெரியாத எழுத்தை யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வெட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சமாதானக் கல் என்று இதைச் சொல்கிறவர்கள் மறந்துவிடுகிற பாகமும் உண்டு. அதே பயணத்தின்போது செங் ஹோவின் படைக்கும் இங்கே ஆதிக்கத்திலிருந்த அழகேசுவரனுக்கும் சண்டை மூண்டு, அழகேசுவரன் சிறைபிடிக்கப்பட்டுச் சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டான்.

படி 8: கல்வெட்டுக் கூடம்

கற்சிற்பங்களும் கல்வெட்டுகளும் உள்ள பகுதியில் கால் வலிக்கத் தொடங்கும். இருந்தாலும் மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்திலிருந்து வந்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டை விசாரித்துப் பாருங்கள். சோழ நாட்டுத் தாழிகுமரன் என்பவன் இராசராசபுரமான மாதோட்டத்தில் இராசராசேசுவரம் எடுப்பித்த செய்தி அதில் இருக்கிறது. விளக்குக்கும் வைகாசி விசாகத் திருவிழாவுக்குமான முதற்பணத்தை, ஊரிலிருந்த எண்ணெய் வணிகர், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் ஆகியோரிடம் ஒப்படைத்திருக்கிறான். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மன்னார்ச் சந்தையில் யார் யார் கடை போட்டிருந்தார்கள் என்று இதைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லாது.

பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வேண்டுமானால் அநுராதபுரத்துச் சிறுநீர்க் கற்களைக் காட்டுங்கள். துறவிகளின் மடத்தில் ஏன் இவ்வளவு சித்திர வேலைப்பாட்டோடு சிறுநீர்க் கல்? ஆடம்பரத்தின் மேல் அவர்கள் வைத்த அவமதிப்பு அது என்று அறிஞர்களில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும்.

படி 9: கண்டிச் சிம்மாசனம்

1693இல் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு இது. மரத்தின்மேல் பொற்றகடு, சிவப்பு வெல்வெட் மெத்தை, கைப்பிடிகளாக இரு சிங்கங்கள். சிங்கங்களின் கண்ணில் செவ்வந்திக் கல். ஆசனத்தின் பாணி பிரெஞ்சு, சிங்கமும் சூரியனும் கண்டி. பின்னர் இதில் அமர்ந்தவர்கள் நாயக்க அரசர்கள். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு வேலூர்க் கோட்டையில் அடைபட்டு 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் நினைவிடத்தைப் பார்த்த வேலூர்க்காரர்கள் கதையின் மறுபாதியை இங்கே பார்க்கலாம். சிம்மாசனம் வின்ட்சர் கோட்டைக்குப் போய், 1934இல் குளோஸ்டர் கோமகன் கையில் திரும்பி வந்தது.

திரும்பி வந்தவை பற்றிப் பேசும்போது இன்னொன்று. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது எடுத்துப்போன லெவ்கே பீரங்கியும் வாள், துப்பாக்கி முதலிய ஐந்து பொருட்களும் 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திருப்பித் தரப்பட்டன. பீரங்கி சிறியது. ஆனால் பொன், வெள்ளி, வெண்கலம், மாணிக்கம் பதித்த வேலைப்பாடு. சண்டைக்கு என்று செய்ததல்ல என்பது பார்த்தவுடன் தெரியும்.

படி 10: மேல்மாடி

ஓவியம், துணி, நாணயம், பீங்கான், ஆயுதம். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். நாணயப் பகுதி மட்டும் தவறக் கூடாது. "ஸ்ரீ ராஜராஜ" என்று பொறித்த சோழக் காசையும், நிற்கும் உருவம், அமர்ந்த உருவம் என்ற அதே அச்சில் சிங்கள அரசர்கள் தம் பெயரைப் போட்டு அடித்த காசுகளையும் ஒப்பிடுங்கள். எதிரியை விரட்டினார்கள், அவன் நாணய அச்சை விடவில்லை. நந்தியும் "சேது" என்ற தமிழ்ச் சொல்லும் உள்ள யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு விரல் நகத்தளவுதான். கண்ணாடிக்கு அருகே கைபேசியைப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து தெளியும்.

படிக்கட்டு ஏற முடியாதவர்கள் மேல்மாடியை விட்டுவிடலாம், இழப்பு பெரிதல்ல.

எவ்வளவு நேரம்?

மேலே சொன்னபடி பார்க்க இரண்டரை மணித்தியாலத்திலிருந்து மூன்று மணித்தியாலம் வரை ஆகும். சிறுபிள்ளைகள் இருந்தால் சுந்தரர், மூன்று மொழிக் கல், சிறுநீர்க் கல், சிம்மாசனம் இந்த நாலோடு நிறுத்திக்கொண்டு பக்கத்திலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலைக்குக் கூட்டிப் போங்கள். ஆய்வுக்காக வருகிறவர்கள் நூதனசாலை நூலகத்துக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். 1885இலிருந்து நாட்டில் அச்சான நூல்களின் பிரதியும் பெருந்தொகையான ஏட்டுச் சுவடிகளும் அங்கே சேர்ந்திருக்கின்றன.

சாப்பாட்டுக்கு வெள்ளவத்தை. ஓட்டோவில் சிறிது நேரம்தான். காலி வீதியில் சைவக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. தெம்பு மிச்சமிருந்தால் பின்னேரம் புறக்கோட்டை ஒல்லாந்தர் கால நூதனசாலைக்குப் போகலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: வடக்கின் வரலாறு இங்கே கொஞ்சம்தான். அதற்கு நல்லூரிலுள்ள யாழ்ப்பாணத் தொல்லியல் நூதனசாலைக்குத்தான் போக வேண்டும். வெண்கலங்களின் மீதியைப் பார்க்க ஆசைப்பட்டால் பொலன்னறுவை. கொழும்பைப் பார்த்துவிட்டு அங்கே போவதுதான் சரியான வரிசை. சிலைகளைக் கண்ட கண்ணோடு போனால், பெல் தோண்டிய சிவாலயத்தின் வெறும் கற்சுவர் வெறுமையாகத் தெரியாது. கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் மட்டக்களப்பு ரயில் பொலன்னறுவையில் நிற்கும். ஆசனத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.